வியாழன், ஏழரை மணி

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
ஹஸ்னா ஒன்றை மட்டும் நிரப்பியிருந்தாள்:
நாற்காலிகள் பதினொன்று.

"தலைவர்?" என்றேன்.
"அந்தக் கட்டம் ரொம்ப அகலம்.
ஒருத்தர் பேரை எழுதினா மிச்சம் காலியாத் தெரியும்."
நோக்கம் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு.
அதன் நுனி கொஞ்சம் மேலே வளைந்திருந்தது.
அதையே நோக்கமாக எடுத்துக்கொண்டு
அட்டவணையில் அறையைப் பச்சையாக்கினேன்.

நான்கு கூடங்கள், என் கழுத்தில் ஒரே அட்டை.
காக்கி புக்கிட்டில் சரக்கு மின்தூக்கி நிற்கும் ஆறாவது தளம்.
ஜாலான் புசாரில் விளக்குக் கடைக்கு மேல் ஒன்று;
அங்கே இரவிலும் யாருக்கும் நிழல் ஒழுங்காக விழாது.
குவீன்ஸ்டவுனில் பழைய கிடங்கு.
ஜூரோங்கில், பேருந்து மாறிப் போவதற்குள்
பாதி ஆர்வம் வடிந்துவிடும் தூரத்தில் இன்னொன்று.
நிகழ்ச்சி நடத்துவது என் வேலை என்கிறது
நியமனக் கடிதம்.
மூன்று வருடமாக நான் செய்வது
நாற்காலி இழுப்பதும் வாயை மூடிக்கொள்வதும்.
இரண்டாவது கடினம்.

யாரோ 'ழ'வின் வால் எங்கே முடிய வேண்டும் என்று
மூன்று வாரமாக வரைகிறார்கள்.
யாரோ கதவு மூடும்முன் மின்தூக்கிகள் விடும் பெருமூச்சை
ஒலிவாங்கியில் பிடிக்கிறார்கள்,
புளோக் எண், தளம், தேதியோடு.
புத்தகம் தைப்பவர்களுக்கு நூலைவிட
முடிச்சில்தான் சண்டை.
இவர்களை நான் சேர்க்கவில்லை.
நான் சேர்த்த இரண்டு குழுக்கள்
காப்பி ஆறுவதற்குள் கலைந்தன.

களிமண் பொம்மைகளை அசையவைக்க
ஒரு குழு அறை கேட்டது.
முதல் வாரம் ஆறு பேர், பிறகு மூன்று,
பிறகு ரொசாரியோ மட்டும்.
ஒரு பொம்மையின் இடது கையைப்
பதினாறு படம் எடுத்துவிட்டு
துணியால் மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்.
அந்த வரிசையை அழிக்கச் சொன்னார்கள்.
அழித்தேன்.

மார்ச்சில் மோதல்.
காகிதம் வெட்டும் இயந்திரம் காக்கி புக்கிட்டில் மட்டும்தான்.
தைப்பவர்களுக்கு அது வேண்டும், வியாழன் வேண்டும்.
ஒலிக்காரர்களுக்கு வியாழன் வேண்டும், அமைதி வேண்டும்.
நான் மூன்று பத்திகளில் ஒரு கடிதம் எழுதினேன்,
ஒவ்வொரு பத்தியும் முந்தையதைவிடப் பணிவாக.
அனுப்புவதற்குள்
சியூ பெங் நடுத்தடுப்பை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.
கத்தி இறங்க,
நானூறு தாளும் ஒரே சத்தமாய் அறுபட,
ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர்
"இன்னொரு தடவை" என்றார்.
அன்றிரவு வெட்டத் தேவையில்லாததையெல்லாம் வெட்டினார்கள்.
கடைசி ரயில் போனபின் ஏழு பேருக்கு இரண்டு டாக்சி,
தலைமுடியில் தாள் துணுக்குகள்.
என் கடிதம் இன்னும் வரைவில் கிடக்கிறது,
பணிவு கெடாமல்.

காலாண்டுக் கூட்டத்தில் கேட்டார்கள்: "விளைவு?"
முப்பத்து நான்கு சந்திப்பு என்றேன்.
இரண்டு சண்டை, தொலைந்த ஒலிவாங்கி ஒன்று,
உரிமை கோராத குடைகள் ஒன்பது.
ஐந்து வாரம் பேசாமல் உட்கார்ந்திருந்த குலசேகரன்
ஆறாவது வாரம்
"அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் தாங்க" என்றதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

இங்கே விளக்குகளுக்குக் கண் உண்டு.
பத்து நிமிடம் யாரும் அசையாவிட்டால்
ஆளில்லை என்று முடிவுகட்டி அணைந்துவிடும்.
நேற்று ஹஸ்னாவின் பதினொரு பேரும்
மேசையில் எதன்மேலோ குனிந்திருந்தார்கள்.
என்னவென்று எனக்குத் தெரியாது.
இருட்டியது.
கதவருகே நின்ற என் கை
தானாக எழப் பார்த்தது.
பைக்குள் விட்டுக்கொண்டேன்.

யாரோ சிரித்தார்கள்.
யாரோ "இன்னிக்கு யார் முறை?" என்றார்கள்.
யாருடையதும் இல்லை போலிருந்தது
கொஞ்ச நேரம்.

பிறகு வெளிச்சம்.
நான்கைந்து கைகள் மேலே.
எது முதலில் எழுந்தது என்று
நான் பார்க்கவில்லை.