நகக்கீறல்

நிவாரணப் படிவத்தில்
மரத்துக்கு ஒரு கட்டம், குழாய்க்கு ஒரு கட்டம்,
கோழிக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது.
கடைசியில், தீக்கான காரணம்.
கொண்டை ஊசி வளைவில் எவனோ எறிந்த சிகரெட் என்றான்
என் தம்பி சடையப்பன்.
வி.ஏ.ஓ. பெண் அப்படியே எழுதிக்கொண்டாள்.
சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

வளைவு எங்கள் காட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்.
அன்று காற்று அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

*

வெந்தது இவ்வளவு:
காப்பிச் செடி ஆயிரத்து நூறு.
மிளகுக்கொடி சுமந்த சில்வர் ஓக் தொண்ணூறு.
சொட்டுநீர்க் குழாய் உருகிப் பாறையோடு ஒட்டி
சுரண்டினால் பாறையும் சேர்ந்து வந்தது.
பலா நின்றது. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பிஞ்சு.
அதைப் பார்க்கப் பிடிக்காமல்
நாலு நாள் சுற்றுவழியில் நடந்தேன்.

சேலத்தில் அன்றிரவு
மொட்டைமாடிகளில் ஏறி மலையைப் படமெடுத்தார்களாம்.
கறுப்பில் ஒரு சிவப்புக் கோடு.
செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் எனக்கே அனுப்பியிருந்தார்:
"சூப்பரா இருக்கும்மா, உங்க ஊர்ப்பக்கமா?"
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கோட்டின் இடது முனையில் எங்கள் மோட்டார் ரூம்.

*

நான் கொட்டகையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன்.
புகையின் நிறம் போதும் எனக்கு,
எந்தக் குவியல் எரிகிறது என்று சொல்ல.
மாசி முழுக்க அவன் வெட்டி அடுக்கிய உண்ணிச்செடி அது.
"ஈரம் இருக்குக்கா, ஒண்ணும் ஆகாது" என்றிருந்தான் காலையில்.
நானும் சரி என்றிருந்தேன்.
அந்தச் சரிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

தீக்குள் முதலில் ஓடியவனும் அவன்தான்.
பச்சைத் தழையால் அடித்து அடித்து
வலது கட்டைவிரல் நகம் போயிற்று.
அதன்பிறகு பீடி தொடுவதில்லை.
நான் ஏனென்று கேட்கவில்லை.
ஒரே தட்டில் களியைப் பிட்டுத் தின்றபோதும்
நாங்கள் பேசியது மண்வெட்டிப் பிடியைப் பற்றி.

*

பங்குனிக் கடைசியில் ஒரு மழை.
சாம்பல் மேல் வழுக்கிக்கொண்டே இறங்கினோம்.
முட்டிக்குக் கீழே சாய்வெட்டாக வெட்டிவிட்ட கட்டைகளை
ஒவ்வொன்றாகக் கீறிப் பார்க்கவேண்டும்:
பட்டைக்கு அடியில் பச்சை என்றால் துணி கட்டு,
பழுப்பு என்றால் பிடுங்கு.
அவனுக்கு நகம் இல்லை. ஆகவே கீறுவது நான்,
கட்டுவது அவன்.
துணி, போன தேர்தலில் மிஞ்சிய கொடி, இரண்டு கட்சி.
மேட்டுப் பாத்தி முழுக்க ஒரு கட்சி ஜெயித்தது.
அவன் சிரித்தான். மாசிக்குப் பிறகு முதல்தடவை.

பச்சை. பழுப்பு. பழுப்பு. பச்சை.
என் நகத்துக்கடியில் கரி அடைத்து
மதியத்துக்குள் விரல்நுனி தெறித்தது.
நிழலுக்குக் கல்யாணமுருங்கைப் போத்து
நாகலூரிலிருந்து எத்தனை கட்டு, வண்டிக்கு எவ்வளவு என்று
கணக்குப் போட்டுக்கொண்டே நகர்ந்தோம்.
மிளகு ஏற இன்னும் நாலு வருஷம்.
காப்பி, மழை வைத்தால், மூன்றாம் வருஷம்.
என் மகளின் நர்சிங் பீஸ் ஆடியில்.

கடைசி வரிசை.
குவியல் இருந்த இடத்தை ஒட்டிய கட்டை.
அங்கே மண்ணே செங்கல் நிறத்தில் சுட்டிருந்தது.
அவன் பின்தங்கி நின்றான்,
துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு.

கீறினேன்.
இன்னும் ஆழமாகக் கீறினேன்.

"பச்சை" என்றேன்.

வந்து குனிந்தான்.
என் கீறலை வெகுநேரம் பார்த்தான்.
அவன் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை.
துணியைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான்,
அதன்மேல் இன்னொன்று.

"நாளைக்கு இதுக்கு மட்டும்
ரெண்டு குடம் சேத்து ஊத்தணும்க்கா."

ஊத்தலாம் என்றேன்.
கீழே குப்பனூர்ப் பக்கம் இடித்தது.
மண்வெட்டியை எடுக்க மறந்து
பாதி வழி வந்துவிட்டு
அவன்தான் திரும்பிப் போனான்.