ஒரு நட், பறவையிடம்

கோண்டாவில். சித்திரை வெயில்.
நில அளவையாளர் பத்மகாந்தன்
முக்காலியை விரித்து ஒற்றைக் கண்ணை மூடுகிறார்.
நான் திரும்பக் கப்பலேற ஐப்பசி வரைக்கும் இருக்கிறது.
அதற்குள் இந்த வேலி முடியுமோ தெரியாது.

முக்கால் முழம் போச்சு என்கிறாள் யசோ அக்கா.
நான் இல்லாத இரண்டு வருசத்தில்
கதியால்கள் ஒவ்வொன்றாய்
எங்கட பக்கம் நடந்து வந்தனவாம்.
"கதியால் நடக்குமோ?"
வேலிக்கு அந்தப் பக்கம் தில்லைநாதன்.

நடக்கும் என்று வாய் வரைக்கும் வந்தது.
நான் வேலை செய்த இடத்தில் கல்லே நடக்கும்.

தென்துருவக் கரையில் மூன்று ஜெனறேற்றர்,
அவற்றுக்கு நான்.
டீசல் கூழாகாமல் சூடு காட்ட வேணும்.
கையுறையைக் கழற்றினால்
கொஞ்ச நேரத்தில் விரல் வேறு யாருடையதோ.
வேலை முடிந்து கதவைத் திறந்தால்
மல்லாகம் கோட்டு வாசல் மாதிரி
அப்புக்காத்துமார் ஆயிரம் பேர்,
எல்லாருக்கும் வழக்கு, ஒருத்தரும் வாயை மூடவில்லை.

பாசையூர்க் கருவாட்டுப் பாயைவிட
நாலு மடங்கு நாற்றம். இரண்டாம் கிழமையில்
அது எனக்குப் பிடித்துப்போனது.

ஐந்து மீற்றருக்குள் போகக்கூடாது என்பது சட்டம்.
அதுகளுக்குச் சட்டம் தெரியாது.
வந்து, சப்பாத்தைப் பார்த்து,
என்னைப் பார்த்து,
மறுபடி சப்பாத்தைப் பார்க்கும்.
நான் தூண் மாதிரி நிற்பேன்.

கூடு என்றால் கூழாங்கல்தான்.
சுள்ளி இல்லை, புல் இல்லை.
உருகும் தண்ணீர் முட்டையைத் தொடாமலிருக்க
நாலு விரற்கடை உயரம்.
ஒருத்தன் கரைவரை போய் ஒரு கல் கொண்டுவந்து வைப்பான்.
அடுத்த கல்லுக்குத் திரும்புவான்.
பக்கத்துக் கூட்டுக்காரி எழும்பாமலே
கழுத்தை நீட்டி அதை எடுப்பாள்.
பிறகு வானத்தைப் பார்ப்பாள்.
சிரித்துச் சிரித்து
என் கண்ணிமையில் தண்ணீர் உறைந்தது.

ஒருநாள் வெளிக்குழாயைப் பூட்டும்போது
பதினாலு மில்லிமீற்றர் நட் ஒன்று கைதவறியது.
குனியமுதல் ஒருத்தி கொத்திக்கொண்டு போனாள்.
கூட்டைத் தொடக்கூடாது, அதுவும் சட்டம்.
சாமான் கணக்கில் எழுதினேன்:
"ஒரு நட், பறவையிடம்."
நிலையத் தலைவி இங்கெர்
சிரிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

சொல்லி முடிக்கையில்
பத்மகாந்தன் கருவியிலிருந்து கண்ணை எடுத்திருந்தார்.
"கல்லுப் பறிகுடுத்தது பிறகு என்ன செய்யும்?"
தில்லைநாதன் கேட்டார்.
"தானும் பக்கத்தில எடுக்கும்."
"நீ ஆற்ற பக்கம்?" என்றாள் அக்கா.

பின்னேரம் அளவு வந்தது.
எட்டு அங்குலம். அவர்கள் எடுத்ததல்ல,
எங்கள் ஐயா காலத்தில் நாங்கள் எடுத்தது.
அக்கா துணி காயப்போடப் போனாள்,
காயப்போடத் துணி எதுவும் இருக்கவில்லை.

இரவு பொட்டுக்குள்ளால் நுழைந்து
தில்லைநாதனின் மகள் மிதுஷா வந்தாள், படம் பார்க்க.
வயிற்றால் சறுக்கிப் போகிற ஒன்று
முன்னால் நின்றவனை இடித்து விழுத்துகிறது.
"இன்னொருக்காப் போடு."
குரல் பின்னாலிருந்து. அக்கா.

இப்போது அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும்.
எல்லாரும் கடல்பனிக்குப் போயிருப்பார்கள்,
கூடுகளுக்கு மேல் பனி, ஒரு வேலியும் தெரியாது.
ஐப்பசியில் போய்ப் பார்க்க வேணும்
என்ர நட்
இப்ப எந்தக் கூட்டில என்று.