கவுண்டர் இலக்கம் மூன்று, கல்முனை

ஐந்து பொருள் பார்க்கச் சொன்னார்
ஆஸ்பத்திரியில் ஜெனிற்றா மிஸ்.
நெஞ்சு படபடத்தால்
பேர் சொல்லிப் பார்க்கணுமாம், மனசுக்குள்.

ரப்பர் முத்திரை.
மை காய்ந்த பேனை, நூலில் கட்டியது.
போன வருஷக் கலண்டர், இன்னும் ஓகஸ்ட்.

"ஊட்டுக் கரண்ட வெட்டிப்போட்டானுகள்,
பிறீசருக்குள்ள மீன் கெடக்கு!"
கண்ணாடியில் அவர் எச்சில் தெறிக்கிறது.
வெட்டியது நானில்லை.
வெட்டும் ஆட்கள் இந்நேரம்
நிந்தவூர்ப் பக்கம் லொறியில் போய்க்கொண்டிருப்பார்கள்.
வரிசை முழுக்க என்னையே பார்க்கிறது.

மூச்சை நாலு வரை இழுக்கணும்.
இரண்டிலேயே முட்டுது.

நாலாவது: கண்ணாடியின் வட்ட ஓட்டை,
அதுவழியே வரும் சூரை மீன் வாசம்.
வாசம் கணக்கில் வராது, தெரியும்.

ஐந்தாவது கிடைக்கவில்லை.
தேடித் தேடி
சிவப்பு நோட்டீசைப் பிடித்திருந்த
கையில் போய் நின்றேன்.
நகக்கண்ணில் செதில்.
பெருவிரல் நடுங்குது,
மேசைக்குக் கீழே என் முழங்கால் போலவே.

"காக்கா" என்றேன்,
"ஃபேன் இந்தப் பக்கம்தான் காத்துத் தரும்.
கொஞ்சம் இஞ்சால வாங்க."

வந்தார்.
தொகை இன்னும் பதினெட்டாயிரத்து நாநூறுதான்.
குறைக்க எனக்கு அதிகாரமில்லை.
மூச்சு மட்டும்
மூன்று வரை போனது.