அரைப் பேர்

பந்தலூர் அரசு ஆஸ்பத்திரி, ஆறாம் படுக்கை.
யோகமலருக்கு உதறல் நிற்கவில்லை,
கட்டிலின் இரும்புக் காலும் சேர்ந்து உதறுகிறது.
சேரம்பாடி வளைவில் யானை நின்றதாம்.
நாற்பது நிமிடம்
விளக்கணைத்துக் கிடந்ததாம் ஜீப்.

ஊசி ஏறிவிட்டது.
சிறுநீர்ப் பாதையில் கிளம்பி
ரத்தம்வரை வந்த கிருமிகள் செத்துக்கொண்டிருக்கின்றன.
"அப்புறம் ஏன் சிஸ்டர் காய்ச்சல் கூடுது?"

செத்ததால்தான்.
அவை கிழித்துப் போட்ட சட்டைதான்
இப்போது விஷம்.

கல்லீரலின் சந்துகளில்
எங்கும் போகாத செல்கள் உண்டு.
சுவரோடு ஒட்டிக்கொண்டு
வருகிற ரத்தத்தைத் துழாவும்.
கொழுப்புத் துகள்கள்,
ஊரே திட்டுகிற அதே கொழுப்பு,
விஷத்தை மடியில் கட்டிக்கொண்டு
அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.
அதற்கு ஆறு வால்.
ஒரு நொதி வந்து இரண்டைக் கிள்ளும்,
இரண்டே இரண்டு.
பிறகு அதைக் கண்டு
உடம்பு கூச்சல் போடாது.

இதையெல்லாம் அவள் புருஷனிடம் சொல்லவில்லை.
இரண்டரைக்கு பிரஷர் எண்பது.
மூன்றாவது பாட்டிலை மாட்டும்போது பார்த்தேன்:
நினைவு தப்பியவளின் கட்டைவிரலும் சுட்டுவிரலும்,
சாயக்கறை போகாதவை,
போர்வை மேல் கிள்ளிக்கொண்டே இருந்தன.
கிள்ளியதைத்
தோளுக்குப் பின்னால் போட்டன.

ஐந்தரைக்குக் குப்பென்று வேர்த்தது.
ஜன்னலில் பனி, அதற்குள் எங்கோ
ஃபேக்டரிச் சங்கு.
கண்ணைத் திறந்தாள். தண்ணி என்றாள்.
அப்புறம், "இன்னைக்கு எனக்குப் பேர் விழுமா?"

"அரைப் பேர்" என்றான் அவன்,
முகத்தைத் துடைத்துக்கொண்டே.
பிரஷர் நூற்று நான்கு.
எழுதினேன்.