இரண்டாம் துருசு வரை

வவுனிக்குளக் கட்டில்
இரண்டாம் துருசு தாண்டினால்
போனுக்கு உயிர் இல்லை.
அதுவரைக்கும் நான்
கோகுலரமணனுக்கும் றிஸ்வானாவுக்கும்
இன்னும் நூற்றுப் பதினாறு பேருக்கும்
சொந்தக்காரி.

மல்லாவி மருந்துக்கடையில்
எட்டு மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டு
சோற்றுக் கோப்பையைக் கழுவ முதலே
குழுவுக்குள் இறங்குவேன்.
லென்ஸில் பூஞ்சணம் பிடித்தால் என்ன செய்வது,
அரிசிப் பேணிக்குள் வைக்கலாமா,
கூடாது, கூடவே கூடாது,
கொக்கின் வெள்ளை ஏன் சுண்ணாம்பாய் வெளுக்கிறது,
ஒளியைக் குறை என்று ஒருவர்,
குறைத்தால் சேறு கறுக்கும் என்று இன்னொருவர்,
கறுக்கட்டும், சேறென்ன வெள்ளையா என்று நான்.
அதற்கு முப்பத்தொரு சிரிப்பு வந்தது.
சிரிப்பை எண்ணிவிட்டுப் படுத்தபோது
ஒரு மணி.

விடிய நாலரைக்கு வைத்த அலாரத்தை
கை தானாகவே கொன்றது.

ஆவணி போனது. புரட்டாதி போனது.
கமராப் பையின் ஸிப்பில்
குளவி மண்கூடு கட்டியிருந்தது.
அதைப் படமெடுத்தேன், போனால்.
குழுவில் போட்டேன்.
என்ன கூர்மை என்றார்கள்.

பொய் சொல்லக்கூடாது.
வவுனியாவில் ஒரு கலியாணப் படக்காரர்
கைமாற்றிவிட்ட பழைய கமரா அது.
எந்தக் குமிழ் எதற்கென்று
இரவிரவாகச் சொல்லித் தந்தது
முகம் காணாத இந்தச் சனம்தான்.
பெட்டை தனியக் குளத்துக்குப் போறாள் என்று
பனடோல் வாங்க வந்தவர்கள் கதைத்த நாளில்
"வெளிச்சம் எந்தப் பக்கத்தால?" என்று மட்டும்
கேட்டதும் அவர்கள்தான்.

விடத்தல்தீவு அன்ரன் மரியதாஸுக்குக்
கால் முறிந்து ஆறாம் கிழமை.
கார்த்திகையில் ஒரு வெள்ளி இரவு,
எல்லோரும் முக்காலி எது நல்லதென்று
அடிபட்டுக்கொண்டிருக்க,
நடுவில் ஒரு வரி போட்டார்:
"பிள்ளை, உங்கட குளம் வான் பாயுதோ?"

எனக்குத் தெரியவில்லை.
ஏழு கிலோமீற்றர்.
அந்தக் குளத்து நாரையின் கண்ணை
எப்படிக் குவியத்துக்குள் பிடிப்பதென்று
போன கிழமைதான் இரண்டு பக்கம் எழுதினேன்.
தண்ணீர் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை.

சனி. இருட்டோடு ஸ்கூட்டி.
யானை லத்தி றோட்டில்
ஆவி பறக்கக் கிடந்தது.
நின்றேன், லைற்றை அணைத்தேன், கேட்டேன்.
காடு ஒன்றும் சொல்லவில்லை.
போனேன்.

இரண்டாம் துருசில் ஸ்கூட்டியை விட்டேன்.
நாலடி நடக்க
போன் ஒருமுறை விக்கி, ஓய்ந்தது.

பட்ட மரத்தில் நீர்க்காகங்கள்
சிறகைக் காயப்போட்டபடி.
நாற்பது படம். முப்பத்தெட்டு ஆடிப்போனது.
கைக்கு மறந்துவிட்டிருந்தது.
மிஞ்சிய இரண்டில் ஒன்றில்
வலை இழுக்கும் யாரோ ஒருவரின் முழங்கை
ஓரத்தால் நுழைந்திருந்தது.
வெட்டச் சொல்வார்கள்.
வெட்டமாட்டேன்.
தண்ணீருக்குள் கிடந்த எருமையொன்று
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
மெல்லுவதைத் தொடர்ந்தது.

வான் கட்டில் போய்க் குந்தினேன்.
சீமெந்தில் போன வருடப் பாசி,
காய்ந்து, பொருக்காய்.
அதற்கு இரண்டடி கீழே தண்ணீர்.
அதற்கொரு அவசரமும் இல்லை.
எவ்வளவு நேரம் இருந்தேனென்று
எந்தப் படத்திலும் இல்லை.

திரும்பி நடக்க
துருசடிப் பாலையின் கீழ் போன் உயிர்த்து
தொண்ணூற்றிரண்டு முறை அதிர்ந்தது.
முக்காலிச் சண்டை இன்னும் முடியவில்லை.
என்னிடம் அதற்கொரு பதில் இருந்தது.
நல்ல பதில், முப்பது சிரிப்புக்குக் குறையாது.

அன்ரனுக்கு மட்டும் எழுதினேன்:
"பாயேல்லை அண்ணை. இன்னும் ரெண்டடி வேணும்.
வடக்கால கறுக்குது."
படம் அனுப்பவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.

கடை திறக்க ஒன்றரை மணி இருந்தது.
வெயில் அப்போதுதான்
துருசுக் கல்லில் கை வைத்தது.
போனை ஸ்கூட்டிச் சீற்றுக்குக் கீழே
போட்டுப் பூட்டிவிட்டு நடந்தேன்.
உள்ளே கிடந்து அது அதிர்வது
கொஞ்சத் தூரம் கேட்டது.