நாலு மாதம் நின்ற வண்டி

ஐந்து உதை. அதற்குப் பிறகு எண்ணவில்லை.
கிக்கர் போன வேகத்திலேயே திரும்பி வந்து
கெண்டைக்காலில் தட்டிக் கேட்டது:
வேறென்ன?

தேவனாம்பட்டினத்தில் எதுவும்
நாலு மாதம் சும்மா நிற்கக் கூடாது.
ஸ்போக்ஸ் முழுக்க உப்புக்காற்று காவி பூசியிருக்கிறது.
செயினில் ஒரு கண்ணி மடங்க மாட்டேன் என்கிறது.
சீட்டில் பூனை படுத்த பள்ளம்.
முன்டயரின் கட்டைகளுக்கிடையே
கேப்பர் மலைச் செம்மண், மாசி மாதத்தது,
அப்படியே இருக்கிறது.
ஓரிடத்தில் மட்டும்
யாரோ நகத்தால் சுரண்டியது போல் சின்னக் குழி.

முத்தியால்பேட்டையிலிருந்து அமலோர், ஸ்பீக்கரில்:
"கில் சுவிட்ச் பாத்தியா?"
என்னை யாரென்று நினைத்தான்.
பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.
அவனிடம் சொல்லாமல் போட்டுவிட்டு உதைத்தேன்.
அப்போதும் இல்லை.

"பெட்ரோல்?"
வண்டியை ஆட்டினேன். தளும்பியது.
"பிளக்கைக் கழட்டு."
கழற்றி இன்ஜினில் ஒட்டிப் பிடித்து உதைத்தால்
நீலமாக ஒரு பொறி, குறை சொல்ல முடியாத பொறி.
"முனை ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?"
காய்ந்திருந்தது.

புதுச்சேரி டாக்டரும் இப்படித்தான்
ஒவ்வொன்றாகக் கேட்டார்,
எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேனைப் பார்த்தபடி.
எல்லாம் நார்மல் என்றார்.
நார்மலாக இருப்பவற்றின் பட்டியல் இரண்டு பக்கம் வந்தது.
அடியில் பேனாவால் ஒரு வரி: பைக் வேண்டாம்.

அன்று சாயங்காலமே புகழேந்தி
எங்கிருந்தோ ஒரு பழைய பேனரைக் கொண்டுவந்து போர்த்தினான்.
யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவோ.
தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்,
பங்குனி வெயிலிலும், சித்திரை வெயிலிலும்.

சித்திரையில் ஒருமுறை.
ஆனியில் ஒருமுறை.

இன்று விடியற்காலையில்
பேனரை உருவி நாலாக மடித்து வைத்துவிட்டு
சிப்காட் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
சாவி சிலிண்டர் மேல் இருந்தது.

"கார்பரேட்டர்லேந்து டியூப உருவு."
மூன்று சொட்டு.
நாலாவது, விளிம்பு வரை வந்து தொங்கி
உள்ளேயே போய்விட்டது.
"டேங்க் மூடியத் தொற."
உஸ்ஸ் என்றது,
ரொம்ப நாள் அடக்கிவைத்தது போல்.
பெட்ரோல் என் பாதத்தில் கொட்டியது.
"அவ்ளோதான். கீழ எறங்கணும்னா
மேல காத்து போவணுமில்ல?
மூச்சுக்குழாய் அடைச்சிருக்கு."

ஹேண்டிலுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குழாய்,
சுண்டுவிரலைவிட ஒல்லி.
அதன் வாயில் வழவழவென்று
செம்மண் முத்திரை.

இந்த வெள்ளை மணல் ஊரில்
அவளுக்கு வேறெங்கே கிடைத்திருக்கும்?
என் டயருக்குத் தண்ணீர் சுமந்து வந்து
குழைத்திருக்கிறாள்.

"குளவிக்கூடா?" என்றார்
துணி காயப்போட வந்த அஞ்சலாட்சி அக்கா மதில் மேலாக.
"கலைக்காதடி. அது கூடு கட்டுன வூட்ல..."
அங்கேயே நிறுத்திக்கொண்டார்.
அவருக்குத் தெரியும்.
ஏற்கெனவே காய்ந்துவிட்ட ஒரு துண்டை உதறிக்கொண்டே நின்றார்.

பழைய கிளட்ச் வயர் கையில் தயாராக இருந்தது.
ஒரு குத்து. பொலபொலவென்று கொட்டிவிடும்,
மயங்கிய பச்சைப்புழு இரண்டு,
நூலில் தொங்கும் ஏதோ ஒன்று.
"என்ன ஆச்சு? லைன்ல இருக்கியா?"
"குழாய் இல்லாம ஓடுமா?"
"ஓடும். கவுந்தா பெட்ரோல் ஒழுவும். ஏன்?"

ஏன் என்று சொல்லவில்லை.
குழாயை வேரோடு உருவினேன்.
காபி டம்ளரில் செருகி
சமையலறை ஜன்னலில் நிறுத்தினேன்,
மண் வாய் வெளியே பார்க்க.

மூன்றாவது உதையில் இருமியது.
நாலாவதில் பிடித்துக்கொண்டது.
போனை சைலன்சர் பக்கம் நீட்டினேன்.
அமலோர் ஏதோ கத்தினான், கேட்கவில்லை.
பூனை மதிலேறி ஓடியது.

கேப்பர் மலைக்குப் பத்து கிலோமீட்டர் கூட இருக்காது.
திரும்பும்போது டயரைக் கழுவக் கூடாது.
முதலில் அந்தக் கண்ணிக்கு
இரண்டு சொட்டு எண்ணெய்.