பதினோரு நாள்

இரண்டு விலைச்சீட்டுக்கும் நடுவே
பத்தாயிரத்துச் சொச்சம் டாலர்.
அண்ணன் ஆரினுக்கு அது தூசு.
டீசல் வண்டியின் பானெட்டைத் திறந்து
தலையை உள்ளே விட்டவன்
கால் மணி நேரமாக வெளியே எடுக்கவில்லை.

மூன்று இடம் தள்ளி பெட்ரோல் வண்டி.
அதே உயரம், அதே வெள்ளை.
கல்யாண வீட்டில்
மாப்பிள்ளைக்குத் துணையாக வந்தவனைப் போல நின்றது.

பண்ணையில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது.
கணக்குப் புத்தகம் முழுக்க என்னுடையது.
போன வருடம் கனத்த டிரெய்லரை இழுத்த நாட்களை
எண்ணிக்கொண்டு வந்திருந்தேன்:
பில்லிங்ஸ் சந்தைக்கு ஆறு,
வைக்கோலுக்கு மூன்று,
இரவல் காளையைக் கூட்டிவர ஒன்று,
கொண்டுபோய் விட ஒன்று.
மீதி முன்னூற்று ஐம்பத்து நாலு நாளும்
வேலிக்கம்பி, தபால், பல் டாக்டர்,
பின்பெட்டியில் தனியாக உருளும் ஒரு வாளி.
பதினோரு நாள் ஊர்வலத்துக்கு
வருடமெல்லாம் யானையைக் கட்டித் தீனி போடவா?

"கணவாய் இறக்கத்தில்
இருபது மாடு பின்னாலிருந்து நெட்டித் தள்ளும்போது
டீசல்தான் பிடித்து நிறுத்தும்.
பெட்ரோல் அலறும்."
பொய்யில்லை.
பிரேக் கருகும் நாற்றத்தோடு
நானும் அங்கே இறங்கியிருக்கிறேன்.

"மைனஸ் முப்பத்தைந்தில்
உன் டீசல் மெழுகாகிவிடும்.
நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றுவதுபோல
ராத்திரி முழுக்க ஒயரைச் செருகி வைக்கவேண்டும்.
மின்சாரம் போன அந்த ஜனவரி ஞாபகம் இருக்கிறதா?"
இருந்தது. அதனால்தான் பேசவில்லை.

விற்பனையாளன் லைல் ஓஸ்ட்பி
மூன்றாவது முறை காபி கொண்டுவந்தான்.
யூரியாத் திரவம் பேசினோம்,
வடிகட்டி அடைப்பு பேசினோம்,
இன்ஜெக்டர் போனால் வரும் பில்,
ஐந்து லட்சம் மைல் ஓடிய யாரோ ஒருவனின் டீசல்
(அந்த யாரோ ஒருவனை
மொன்டானாவில் எவரும் நேரில் கண்டதில்லை).

பேசாதது ஒன்று.
நானூறு மாடு நின்ற இடத்தில் இப்போது நூற்றுப் பத்து.
மழை பொய்த்த இரண்டு கோடையில்
பழைய டீசல்தான் அவற்றை
லோடு லோடாக இழுத்துக்கொண்டு போனது.
ஒரே வருடத்தில் இழுத்த நாள் அறுபத்து மூன்று.
அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.
அந்தப் பக்கம் வருமுன் மூடிவிட்டேன்.

"மந்தை திரும்பப் பெருகினால்?" என்றான்
பானெட்டுக்குள்ளிருந்து,
எஞ்சினைக் கேட்பதுபோல.

எஞ்சின் பதில் சொல்லவில்லை.
லைலும் சொல்லவில்லை, கமிஷன் போனாலும்.
நான் பேனாவைத் தேடினேன்.

பெட்ரோல் வண்டி வீட்டுக்கு வந்தது.
வழியெல்லாம் உள்ளே அத்தனை அமைதி,
அவன் மூச்சு விடுவது கேட்டது.
அதைக் கேட்காததுபோல இருக்க
ரேடியோவில் கோதுமை விலை போட்டேன்.

மறுநாள் விடியலில் வைக்கோலை ஏற்றி
பனிக்குள் ஓட்டிக்கொண்டு போனேன்.
ஒரு மாடும் தலை தூக்கவில்லை.
பிறந்ததிலிருந்து அவற்றுக்குத் தீனி என்றால்
அந்தக் கடகடச் சத்தம்.
இது யாரோ, எதற்கோ வந்திருக்கிறார்கள்.
ஹாரன் அடித்தேன்.
மிரண்டு ஓடைப்பக்கம் ஒதுங்கின.

பக்கத்து சீட்டில் ஆரின்
கண்ணாடியை இறக்கினான்.
தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்தான்.
அறுபத்தோரு வயது மனிதன்
குளிரில் கழுத்தை வெளியே நீட்டி
தொண்டையால் டீசல் ஓட்டினான்:
கட கட கட கட கட கட

முதலில், காதில் மஞ்சள் வில்லை போட்ட
இருநூற்றுப் பன்னிரண்டு திரும்பிப் பார்த்தது.
அப்புறம் அதன் கன்று.
அப்புறம் பனி முழுக்கக் கால்கள்.

இருமல் வந்து நிறுத்தினான்.
மாடுகளும் நின்றன.

மிச்சமான பத்தாயிரத்தைப் பற்றி
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
வெளியே வந்ததும்
கட கட கட கடதான்.